முந்தானைக்குள் விளக்கு

"நான் ஏறி உக்காந்தா ஒழுங்கா ஓடுது. நீ தனியா எடுத்துக்கினு போனா நடுரோட்டுல நிக்குது. இது இன்னா காரா, இல்ல மாமியாரைக் கண்டா மட்டும் அடங்கி இருக்கிற மருமவளா?"

ரத்தினம்மா தன் துணிக்கடை வாசலில் நின்றுகொண்டு, ஆண்டர்சன்பேட்டை பஜார் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். கேள்வி டிரைவர் ஏகநாதனுக்கு. அவன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"நிக்கறது நெசம்மா. பட்டறைக்காரனை இட்டுக்கினு வந்து காட்டினா, அதுக்குள்ள தானா ஸ்டார்ட் ஆயிடுது. நான் இன்னா பண்றது?"

"மண்ணெண்ணெய ஊத்தினா நிக்காம இன்னா பண்ணும்?"

"அம்மா!"

"கத்தாத. பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய கலக்குறான்னு நாலு பேரு சொல்றாங்க. நான் சொல்லல."

அந்தக் கறுப்புக் கார், தங்கச் சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கும்போதே கிழடு. சுவிட்சைத் திருப்பிவிட்டுச் சாவியை உருவிக்கொண்டாலும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். இடது பக்கப் பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது; வெளியே யாராவது நின்று திறந்துவிட வேண்டும். ரத்தினம்மா புருஷன் போனபிறகு கடையோடு இந்தக் காரையும் வாடகைக்கு விட்டு நடத்தினாள். பொழுது சாய்ந்தால் கடைக்குப் பின்னால் கொட்டகையில் விட்டுப் பூட்டி, கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

"இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாவணும். என் மவனுக்குப் பொண்ணு பேசி முடிக்க பூதிகோட்டைக்குப் போறோம். கரண்டு வேலை தெரிஞ்ச ஏனோக்கும் கூட வரான். வழியில வண்டி நின்னா, ஏன் நின்னுதுன்னு அங்கயே கண்டுபிடிச்சுச் சொல்லிடுவான். உன் மேல தப்பில்லன்னா சரி. பெட்ரோல்ல தப்புன்னா, வண்டிச் சாவிய என் கையில குடுத்துட்டுப் போயிட்டே இரு. அப்பால இந்த ஊர்ல எவனும் உன் கையில சைக்கிள் கூட குடுக்க மாட்டான். அத நான் பாத்துக்கறேன்."

ஏகநாதனின் மனைவி சுந்தரி, தாம்பாளத் தட்டுகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்வீட்டில் தட்டு எடுத்துவைக்க ஒரு கை வேண்டும் என்று ரத்தினம்மாதான் அவளையும் வரச் சொல்லியிருந்தாள். சுந்தரி புருஷனைப் பார்க்கவில்லை. காரின் மூடியிருந்த பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஏகநாதன் சாப்பாட்டுக்கு லைன் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்ற கார் புகைந்தது, பிறகு கிளம்பவில்லை. அவன் பட்டறைக்காரனைக் கூப்பிட ஓடினான். சுந்தரியின் அண்ணன் வேலாயுதம் அப்போதுதான் காலை ஷிப்ட் முடித்துச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திலிருந்து வந்திருந்தான். அந்த லைன் வீடு அவன் பேருக்குக் கம்பெனி கொடுத்தது. தங்கையும் அவள் புருஷனும் அதில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் பானட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"ஒரே ஒரு ஒயரு கருகிக்கீது. அவ்ளோதான். அந்தத் துணிக்கொடிய அவுத்துக்கினு வா."

"கொடியையா?"

"சொன்னா செய்யேன்மே."

துணிக்கொடி மஞ்சளும் சிவப்புமாக முறுக்கின ஒயர். கீழே பாறைக்கு வேட்டு வைக்கிறவர்கள் பயன்படுத்துவது. வேலாயுதம் வேட்டுக் கேங்கில் இருந்தான். கம்பெனிச் சாமான் ஒரு முழம் கேட்டைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால் வேலைச் சீட்டு கிழியும், சீட்டு கிழிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். இருந்தும் அந்த ஒயர் ஆட்டைக் கட்டவும் விறகைக் கட்டவும் துணி உலர்த்தவும் எல்லா லைனிலும் கிடந்தது.

வேலாயுதம் மஞ்சள் ஒயரைப் பிரித்து எடுத்து, சுவிட்சிலிருந்து இன்ஜின் பக்கம் இழுத்து, முறுக்கி முடிந்து, மேலே கறுப்பு டேப் சுற்றினான். கார் முதல் தட்டிலேயே உறுமியது.

"மாப்ளகிட்ட சொல்லாத. அவன் வாயில ஒண்ணியும் நிக்காது. கேட்டா, தானா ஸ்டார்ட் ஆயிடுச்சின்னு சொல்லிடு."

அவளும் அப்படியே சொன்னாள். தானா ஆயிடுச்சு என்பதை ஏகநாதன் முதன்முதலில் கேட்டது அவள் வாயிலிருந்துதான்.

கார் அடிக்கடி நிற்க ஆரம்பித்த பிறகு அவள் அண்ணனிடம் கேட்டாள். "அண்ணே, அந்த ஒயரால இருக்குமா?"

"ஏய், உள்ள செம்பு. மலையவே பொளக்குற ஒயரு, ஒரு கிழட்டுக் கார ஓட்டாதா?"

"எதுக்கும் கழட்டிடலாமே."

"எப்டி கழட்டுவ? ரத்தினம்மா கொட்டகையத் தொறன்னு கேப்பியா? அவ தம்பி யாருன்னு தெரியும் இல்ல?"

தெரியும். அந்தத் தம்பிதான் இப்போது வெள்ளை வேட்டி சட்டையில், மீசையைத் தடவிக்கொண்டு காரருகே வந்து நின்றார். சிவப்பிரகாசம். சுரங்கத்துக் கேட்டில் ஜமேதார். ஷிப்ட் முடிந்து ஏறி வருகிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பதுதான் அவர் வேலை. தாய்மாமன் இல்லாமல் பெண் பேச முடியாது; ஆகவே அவரும் வருகிறார்.

கடைசியாக ஏனோக் வந்தான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜின் வீட்டில் எலக்ட்ரீஷியன். பானட்டை முழுதாகத் திறக்காமல் கையை மட்டும் விட்டு, நீளமான இரண்டு ஒயர்களை உள்ளே மாட்டி, மறுமுனையை இடது ஜன்னல் வழியாகப் பின்சீட்டுக்குள் விட்டான். முனையில் ஒரு சின்ன பல்பு.

"இது இன்னாடா, கிறிஸ்மஸ் ஸ்டாரா?" என்றார் ஜமேதார்.

"சாட்சி, ஜமேதாரே. டாக்டரு வந்தா காய்ச்சல் எறங்கிடுது, போனா ஏறிடுது. அதுக்கு ஒரே வழி, டாக்டரு சீக்காளி பக்கத்துலயே படுத்துக்கறது. அதான் இது. வண்டி நிக்கிற அந்த நிமிசம் பல்பு எரிஞ்சுதுன்னா, கரண்டு ஒழுங்கா வருதுன்னு அர்த்தம். அப்போ குத்தம் பெட்ரோல் பக்கம். பல்பு அணைஞ்சா, ஒயர்ல குத்தம். ஒயரைப் புடிச்சுக்கினே போனா இடத்தக் கண்டுபுடிச்சிடலாம்."

"எரியவே இல்லியே?"

"எரியுது. வெயில்ல தெரியல. இருட்டுல வெச்சுப் பாக்கணும். அம்மா, நீங்க முந்தானைக்குள்ள வெச்சுக்கறீங்களா?"

"நான் மாட்டேம்பா. ஷாக் அடிக்கும்."

"இந்தக் கரண்டுல எறும்பு கூட சாவாதும்மா."

"எறும்பு சாவாது. நான் சாவேன். சுந்தரி, நீ புடி. உன் புருஷன் விவகாரம்தானே."

ஏனோக் அவள் உள்ளங்கையில் பல்பை வைத்தான். "தங்கச்சி, வண்டி நின்னவுடனே நான் கேப்பேன். எரியுதா, அணைஞ்சுதா. அது போதும்."

பின்சீட்டில் வலது ஜன்னலோரம் ஜமேதார், நடுவில் ரத்தினம்மா, இடது ஓரத்தில் சுந்தரி. கதவை ஏனோக் வெளியிலிருந்து சாத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான். சுந்தரி முந்தானையை முகத்தருகே இழுத்துக் கூடாரம் மாதிரி பிடித்து, உள்ளே பார்த்தாள். பல்பு மஞ்சளாக எரிந்தது. ஒயர் அவள் தோளின் மேல் கிடந்தது.

கார் நன்றாகவே ஓடியது.

"பாத்தியா? நான் இருக்கேன், ஓடுது," என்றாள் ரத்தினம்மா.

"இன்னும் சூடாவலம்மா," என்றான் ஏகநாதன்.

"உனக்கு ஆயிடுச்சு போல."

ஏனோக் சிரித்தான். ஏகநாதன் கண்ணாடியில் ஒருமுறை சுந்தரியைப் பார்த்தான். அவள் முந்தானைக்குள் இருந்தாள்.

ஜமேதாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போன மாசம் ஒருத்தன் மேல வரான். ஆளு ஒல்லி, வயிறு மட்டும் உப்பிக்கினு கீது. இன்னாடா, எத்தினி மாசம்னு கேட்டேன். சட்டையத் தூக்கினா, தேருக்கு வடம் சுத்தினாப்பல சுத்தி வெச்சிருக்கான்."

"தங்கமா?" என்றாள் ரத்தினம்மா.

"தங்கமா இருந்தாலும் ஒரு மரியாதை. ஒயரு, அக்கா. வேட்டு ஒயரு."

"இதுக்குப் போயா?"

"கம்பெனி சொத்து கம்பெனி சொத்துதான். இன்னைக்கு ஒயரு எடுக்கறவன் நாளைக்கு எதை எடுப்பானோ."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சுந்தரி கேட்டாள். "அவர இன்னா பண்ணாங்க?"

"இன்னா பண்ணுவாங்க? சீட்டு கிழிஞ்சுது. பொண்டாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு மாமியார் ஊருக்குப் போயிட்டான். லைன் வீட்டுல இப்ப வேற ஆளு."

முந்தானைக்குள் காற்று இல்லை. அவள் மூச்சே அவள் முகத்தில் சூடாக அடித்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. எரியட்டும், எரியட்டும் என்று அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு நிற்காமல் போய்விட்டால் போதும். இன்னொரு நாள் எப்படியாவது அண்ணனிடம் சொல்லி அந்த ஒயரை எடுத்துவிடலாம்.

பங்காரப்பேட்டையைத் தாண்டி, இருபக்கமும் கேழ்வரகுக் கொல்லைகளும் உருண்டைப் பாறைகளுமாக ஒரு மேடு வந்தது. ஏகநாதன் கியரைக் குறைத்தான். இன்ஜின் முக்கியது. பாதி மேட்டில் பல்பு ஒருமுறை சிமிட்டியது. பிறகு அணைந்தது. அதே கணம் இன்ஜின் ஓசையும் அற்றுப்போயிற்று.

ஏகநாதன் கை பிரேக்கை இழுத்தான். "இதான், இதான்! பாத்தீங்களா அம்மா? இப்டித்தான் நிக்குது!" அவன் குரலில் சந்தோஷமே இருந்தது.

"யாரும் அசையாதீங்க. சுவிட்சத் தொடாத ஏகா. தங்கச்சி, எரியுதா?"

முந்தானைக்குள் இருட்டு.

"தங்கச்சி?"

அணைந்துவிட்டது என்று சொன்னால், ஏனோக் ஒயரைப் பிடித்துக்கொண்டே போவான். டேப்பைப் பிரிப்பான். பக்கத்தில் ஜமேதார் நிற்பார்.

"இன்னாடி, தூங்கிட்டியா? எரியுதான்னு கேக்கறான்."

"எரியுது," என்றாள் சுந்தரி.

ஏனோக் திரும்பி அவளைப் பார்த்தான். "நல்லா எரியுதா? மங்கலாவா?"

"நல்லா எரியுதுண்ணா."

"அப்போ பெட்ரோல்தான்," என்று ரத்தினம்மா தொடையில் தட்டினாள். "நான் அப்பவே சொன்னனே! தம்பி, எறங்கு. டேங்க்க மோந்து பாரு."

ஏகநாதன் சுவிட்சை அணைக்காமல் சாவியை மட்டும் உருவிக்கொண்டான். மூன்று ஆண்களும் இறங்கினார்கள். ரத்தினம்மா வலது கதவு வழியாக நகர்ந்து இறங்கினாள். சுந்தரியின் பக்கக் கதவு திறக்காது. மடியில் தட்டுகள், கையில் பல்பு, தோளில் ஒயர். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் டேங்க் மூடி திருகும் சத்தம் கேட்டது. ஜமேதார் ஒரு துணியை உள்ளே விட்டு எடுத்து மோந்தார்.

"மண்ணெண்ணெய் வாடை வரமாரிதான் கீது."

"உங்க கைத்துணியே விளக்கு தொடைச்ச துணி ஜமேதாரே," என்றான் ஏனோக்.

"நான் தெனம் நூறு பேர மோந்து பாக்கறவன். எனக்கு வாடை தெரியாதா?"

"ஏகநாதா, உன் வாயால சொல்லு," என்றாள் ரத்தினம்மா. "கலந்தியா இல்லியா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்போ உன் பொண்டாட்டி பொய் சொல்றாளா? எரியுதுன்னு அவதானே சொன்னா?"

ஏகநாதன் பேசினது சுந்தரிக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவ பொய் சொல்ல மாட்டாம்மா. எரியுதுன்னா எரிஞ்சிருக்கும். அப்போ பெட்ரோல்லதான் இன்னாவோ இருக்கணும். எங்கன்னு எனக்குத் தெரியல. நான் பாத்து ஊத்தலயோ இன்னாவோ. தப்பு என்னுதுதான்." சாவி வளையம் கிலுங்கியது. "இந்தாங்க."

அவனுடைய சந்தோஷம் முழுக்க அந்தக் குரலிலிருந்து போயிருந்தது. இத்தனை நாள் ஊரே சொல்லியும் நம்பாதவன், அவள் சொன்ன ஒரு சொல்லுக்குத் தன் மேலேயே சந்தேகப்பட்டுவிட்டான்.

சுந்தரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அம்மா! எரியலம்மா. அணைஞ்சுதான் இருந்துச்சு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

ரத்தினம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "ஓஹோ. சாவி என் கைக்கு வந்தவுடனே அணைஞ்சு போச்சா?"

"நெசமாம்மா."

"எங்க காட்டு."

அவள் குனிந்து சுந்தரியின் முந்தானையைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. நின்ற வண்டி ஆறிக்கொண்டிருந்தது.

"இதோ எரியுதே! தம்பி, நீயும் வந்து பாரு. கண்ணு முன்னாடி எரியுது, அணைஞ்சுதுங்கறா. புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி!"

"முன்ன அணைஞ்சுதும்மா, இப்ப வந்திருக்கு..."

"தானா வந்துச்சா?"

"தானாதான்."

"உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் தானாதான்டி!"

ஏகநாதன் தூரத்தில் நின்று அவளைப் பார்த்தான். அவள் எதற்காகப் பொய் சொல்கிறாள் என்று தேடுகிற பார்வை. ஏனோக்கின் சாட்சியான பல்பும் அவள் பக்கம் இல்லை.

"ஏனோக் அண்ணா," என்றாள் சுந்தரி. "இந்தக் கதவைக் கொஞ்சம் தொறந்து வுடுங்க."

அவன் திறந்தான். அவள் தட்டுகளைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். பல்பை ரத்தினம்மாவின் கையில் திணித்தாள்.

"ஐயோ, ஷாக்கு..."

"அடிக்காதும்மா. முந்தானைக்குள்ள வெச்சுப் பாருங்க. நான் கேக்கறப்போ சொல்லுங்க. ஏனோக் அண்ணா, சுவிட்சப் போட்டே வெச்சிருக்கீங்க இல்ல? பானட்ட முழுசாத் தூக்குங்க."

இன்ஜினின் சூடு முகத்தில் அடித்தது. கறுப்பு டேப் சுற்றின ஒயர் எங்கே போகிறது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. முனையில் ஒரு விரற்கடை அளவு டேப் நழுவி மஞ்சள் தெரிந்தது. ஜமேதார் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் அந்த ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல வளைத்தாள்.

"எரியுதாம்மா?"

முந்தானைக்குள்ளிருந்து ரத்தினம்மாவின் குரல் வந்தது. "எரியுது... அடியே, அணைஞ்சுது!"

விரலை விட்டாள்.

"வந்துடுச்சு."

மறுபடியும் வளைத்தாள்.

"போச்சு. வந்துச்சு. போச்சு." ரத்தினம்மா முந்தானையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "ஏனோக், இது இன்னாடா மாயம்?"

ஏனோக் ஒயரைப் பிடுங்கி டேப்பை உரித்தான். நடுவில் மடக்கினான். மேல் உறை முழுதாக இருந்தது. உள்ளே கம்பி இரண்டாக ஒடிந்து, துருத் தூள் உதிர்ந்தது.

"சூடானா வெலகும். ஆறினா ஒட்டிக்கும். அதான் யாருக்கும் ஆப்படல. முன்ன எல்லாம் இதுக்கு உள்ள செம்பு இருக்கும். இப்ப வர்றது இரும்பு, மேல பூச்சு. ஒரு வேட்டுக்குத் தாங்கினா போதும்னு..." என்று சொல்லிக்கொண்டே போனவன், கையில் என்ன இருக்கிறது என்பதும் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் உறைக்க, வாயை மூடிக்கொண்டான்.

"குடு அத," என்றார் ஜமேதார்.

அவர் மஞ்சள் ஒயரை நீட்டிப் பார்த்தார். "இது எங்க இருந்தும்மா?"

"எங்க துணிக்கொடிங்க. நான்தான் குடுத்தேன்."

"கட்டினது?"

"நான்தான்."

"நீயா?" அவர் முனையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டுக் காட்டினார். "இது வேட்டுக்காரன் முடிச்சு. இப்டி முறுக்கி, இப்டி மடக்கி. கீழ போறவன் தவிர ஒருத்தனும் போட மாட்டான்."

ஏகநாதன் இப்போது அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"ஜமேதாரே," என்றான் ஏனோக், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "நம்ம ஊர்ல எந்த வீட்டுல இது இல்ல? உங்க வீட்டுக் கோழிக்கூண்டுல நானே பாத்திருக்கேன்."

"இருக்கும். யாரு இல்லன்னா?" ஜமேதார் கோபப்படவில்லை. "எந்த வீட்டுல கீதுன்னு எவன் கேட்டான்? என் கையில எது கெடைச்சுதோ அதான் கணக்கு."

அவர் ஒயரை விரலில் சுற்றிச் சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ராகு காலம் வந்துடப் போவுது, சீக்கிரம் ஆகட்டும்," என்றாள் ரத்தினம்மா. சாவியை ஏகநாதனிடம் நீட்டினாள். "புடி. உன் மேல தப்பில்ல. நான்தான் அப்பவே சொன்னனே, இவன் அப்டிப்பட்டவன் இல்லன்னு."

ஏனோக் ஹாரன் ஒயரை வெட்டி அந்த இடத்தில் மாட்டினான். "இனிமே ஹாரன் அடிக்காது. ஆடு மாடு வந்தா ஜமேதார் தலைய நீட்டிக் கத்துவாரு," என்றான்.

ஏகநாதன் சுந்தரிக்குக் கதவைத் திறந்து பிடித்தான். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் தாழ்ந்த குரலில்.

"சொல்லியிருந்தா?"

அவன் கதவைச் சாத்தினான்.

கார் மேட்டை ஏறி இறங்கியது. இன்ஜின் ஒரே சீராகப் பாடியது. வெகுநேரம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே ஜமேதார் கேட்டார்.

"உன் அண்ணன் பேரு வேலாயுதம் இல்ல?"

"ஆமாங்க."

"இப்ப எந்த ஷிப்ட்டு?"

முன்சீட்டில் ஏகநாதன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். ஏனோக் ரோட்டைப் பார்த்தான்.

"காலை ஷிப்ட்டுங்க."

"ம்."

கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுந்தரி கைப்பிடி இல்லாத கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு தடவை இந்த வண்டி நின்றால் தேவலை, இறங்கி எந்தப் பக்கமாவது ஓடிப்போய் அண்ணனிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

"இப்ப பாரு, எப்டி ஓடுது! புதுப்பொண்ணாட்டம்!" என்றாள் ரத்தினம்மா.

கார் எங்கேயும் நிற்கவில்லை. பூதிகோட்டையில் பெண்வீட்டு வாசலுக்குத்தான் போய் நின்றது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். ரத்தினம்மா சிரித்துக்கொண்டே இறங்கினாள், பெண்வீட்டார் சூழ்ந்துகொண்டார்கள். ஏகநாதனை யாரோ வண்டியை நிழலில் விடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏனோக் கை கழுவத் தண்ணீர் கேட்டுப் போனான். சுந்தரி தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தாள்.

ஜமேதார் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார். அவள் குனிந்து இறங்கும்போது அந்த மஞ்சள் முனை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"பாத்து எறங்கும்மா," என்றார் அவர். "தட்டு பத்திரம்."